சர்ஜரி எடுக்கலாமா? ஆரியங்காவிலிருந்து ஒரு ஹவுஸ் சர்ஜனின் கேள்வி

கேள்வி: கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவு எங்கள் ஊர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். கேரளத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருக்கிறேன். ஜெனரல் சர்ஜரி எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அந்தக் கத்தி வேலை, கைனக் (மகப்பேறு) எடு, இல்லன்னா ஸ்கின் எடு" என்கிறார் அம்மா. "கல்யாணம் ஆனதும் போயிடுவே, ஒரு சீட் வீண்" என்று யூனிட்டில் ஒரு சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த வருடம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். என் உயரம் 149 சென்டிமீட்டர், கையும் சின்னது. நான் சர்ஜரி எடுக்கலாமா? எடுத்தால் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

பதில்: எடுக்கலாம், தங்கச்சி. ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். நான் செங்கோட்டைக்காரி, ஜெனரல் சர்ஜன். இருபது வருடத்துக்கு மேலாக மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வருகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்கிறேன். தென்மலை, ஆரியங்காவு தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று இன்றும் என்னிடமே கேட்கிறார்கள். "நான்தான் டாக்டர், நாளைக்கு உங்க குடலிறக்கத்தை நான்தான் சரி பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். உங்களையும் இப்படிக் கேட்பார்கள்.

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காகத்தான் அந்தக் காலத்தில் நம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு மெல்லத் திறந்தது. 1885-ல் தொடங்கிய டஃபரின் நிதியின் நோக்கமே பெண்களுக்குப் பெண்கள் கையால் மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதுதான். அன்றைக்கு அது பெரிய உதவி. ஆனால் டாக்டராக வந்த பெண்களையெல்லாம் பிரசவ வார்டுப் பக்கமே திருப்பி விட்டதும் அதே வழக்கம்தான். உங்கள் அம்மா சொல்வது 140 வருடப் பழைய யோசனை.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கைனக் சுலபமான படிப்பு இல்லை. சிசேரியனும் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன்தானே? ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால் ஐந்து நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும். நான் பார்த்தவரை கைனக் தோழிகள் என்னைவிடக் குறைவாகத்தான் தூங்கினார்கள். கைனக் பிடித்திருந்தால் அதை எடுங்கள், அருமையான துறை. பயந்துபோய் அதற்குள் ஒதுங்காதீர்கள் என்பதுதான் என் கவலை.

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் அம்மாவிடம் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டையும் உங்கள் ஆரியங்காவும் ஒன்றாகத்தான் இருந்தன, முதலில் திருவிதாங்கூரில், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சியில். அந்தத் திருவிதாங்கூரின் மருத்துவத் துறைக்கு 1938-ல் சர்ஜன் ஜெனரலாக வந்தவர் ஒரு பெண், டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரம் கல்லூரியில் அறிவியல் பாடம் மறுத்துவிட்டார்கள். அதனால் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டன் போய் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பினார். நம் இரண்டு ஊர் அரசு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் தலைமையில் ஒரு பெண் உட்கார்ந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூளை ஆபரேஷன் பக்கம் பார்த்தால் டாக்டர் டி.எஸ்.கனகா, 1968-லேயே சென்னையில் நரம்பு அறுவை சிகிச்சையில் எம்.சி.எச். என்ற உயர் பட்டம் முடித்தவர். இது இன்றைக்கு வந்த புது ஆசை இல்லை.

சரி, அந்த சார் சொன்ன "சீட் வீண்" விஷயம். இதற்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் உங்கள் மனசுக்குள் அந்த வார்த்தை தங்கிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் ஆபரேஷன் விவரங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் இறப்பு, மறுபடி அட்மிஷன், பெரிய சிக்கல் என்று ஏதாவது வந்தவர்கள் ஆண் சர்ஜன்களிடம் 13.9 சதவீதம், பெண் சர்ஜன்களிடம் 12.5 சதவீதம். ஒரு வருடக் கணக்கில் 25 சதவீதமும் 20.7 சதவீதமும். வயது, நோய், ஆபரேஷன் வகை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது. அதே வருடம் சுவீடனில் பித்தப்பை ஆபரேஷன்களை வைத்து வந்த ஆய்விலும் பெண்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்திருக்கிறார்கள், சிக்கல்கள் குறைவாக இருந்திருக்கின்றன. தியேட்டரில் "என்ன இவ்வளவு ஸ்லோ" என்று யாராவது சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. பெண் கையில் கத்தி கொடுத்தால் நோயாளிக்கு நஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, எதைப் பார்த்து எடுப்பது என்பது. கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கத்தி யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். சர்ஜரியைப் புத்தகம் சொல்லித் தராது, கை வைத்துச் செய்தால்தான் வரும். மூன்று வருட எம்.எஸ். மேல்படிப்பு முடித்து வெளியே வரும்போது நீங்களே தனியாக ஓர் அப்பெண்டிக்ஸ், ஒரு குடலிறக்கம், ஓட்டை விழுந்த குடல், கெட்டுப்போன கால் ஆகியவற்றைச் சமாளிக்க வேண்டும். அதற்கு எத்தனை தடவை உங்கள் கையால் செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. பெண் பிஜிக்கள் (மேல்படிப்பு மாணவிகள்) தோற்கிற இடம் இதுதான், திறமையில் இல்லை. யாரும் "உனக்குக் கேஸ் தர மாட்டேன்" என்று சொல்வதில்லை. வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கச் சொல்வார்கள். வார்டு வேலை சுத்தமாகச் செய்கிறாள் என்று பாராட்டி வார்டிலேயே வைப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, நோயாளியின் வீட்டாரோடு பேசுவது, சம்மதக் கையெழுத்து எல்லாம் உங்கள் தலையில் விழும். எல்லாம் முடித்துவிட்டுத் தியேட்டருக்கு ஓடினால் பையன் ஒருவன் தோல் தைத்துக்கொண்டிருப்பான். மூன்றாம் வருடத்தில்தான் தெரியும், அவனுக்கு நாற்பது கேஸ், உங்களுக்குப் பதினைந்து.

இதைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் லாக்புக், அதாவது ஆபரேஷன் பதிவேடு. எல்லோரும் பரீட்சைக்கு முந்தைய மாதம் உட்கார்ந்து எழுதுவார்கள். நீங்கள் அன்றன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மூன்று விஷயம் போதும்: பார்த்தேனா, அசிஸ்ட் செய்தேனா, நானே செய்தேனா. மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். "சார், இந்த மாசம் ஆறு ஹெர்னியாவுக்கு அசிஸ்ட் பண்ணியிருக்கேன், அடுத்த வாரம் வர்றதை நீங்க பக்கத்துல நின்னா நான் பண்றேன்" என்று எண்ணோடு கேட்டால் மறுப்பது கஷ்டம். எனக்குக் கேஸ் கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் "பாக்கலாம்மா" என்று போய்விடுவார்கள். இப்போதைய விதிப்படி மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பணி செய்ய வேண்டும். பல பேர் அதை லீவு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே பிஜி கூட்டம் குறைவு, கேட்டால் கேஸ் கிடைக்கும். அதை வீணாக்காதீர்கள்.

கர்ப்பம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, கல்யாணம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் பேசாமல் விட முடியாது. என் பிஜி காலத்தில் ஏழாம் மாதத்தில் இருந்தபோது, இரண்டு வாரம் படித்துத் தயாரான ஒரு தைராய்டு கேஸை முந்தின நாள் சாயங்காலம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா, ரெஸ்ட் எடு" என்றார்கள். நைட் டூட்டியை மட்டும் யாரும் குறைக்கவில்லை! பகல் கேஸ் போனது, ராத்திரி கேஷுவாலிட்டி நின்றது. அதனால் கர்ப்பம் உறுதியானதும் நீங்களே யூனிட் சீஃபிடம் போய்ப் பேசுங்கள், அவர்கள் முடிவெடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். எந்த டூட்டியைக் குறைக்க வேண்டும், எந்தக் கேஸை விட மாட்டேன் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் வீம்பு வேண்டாம். அமெரிக்கப் பெண் சர்ஜன்களிடம் எடுத்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 42 சதவீதம் பேர் ஒரு கருவையாவது இழந்திருந்தார்கள். கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. ஆகவே கடைசி மாதங்களில் நீளமான கேஸ்களைக் குறையுங்கள், நடுவில் உட்காருங்கள், காலுக்கு இறுக்கமான காலுறை போடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு, எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று இப்போதே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவி ஓடும் தியேட்டருக்குப் போகும்போது, பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இல்லாமல் நுழையாதீர்கள், அதைக் கதிரைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் மாட்ட வேண்டும். கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து வயிற்றிலுள்ள குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகக் கூடாது என்பது நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. அதனால் தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் இல்லாத காலத்திலும் லெட் ஏப்ரன் சரியான அளவா என்று பாருங்கள். ஆண்களுக்குத் தைத்த தொளதொள ஏப்ரனைப் போட்டுக் கையைத் தூக்கினால் அக்குள் பக்கம் திறந்துவிடும், மார்பின் மேல் ஓரத்தில் கதிர் படும்.

விடுப்பு பற்றி: 2023 பிஜி விதிமுறைகளின்படி அரசு விதிப்படியான மகப்பேறு விடுப்பு பிஜி மாணவிகளுக்கு உண்டு. வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு கேஷுவல் லீவும், வார ஓய்வும் உண்டு. வருகை 80 சதவீதம் வேண்டும். அனுமதித்ததற்கு மேல் எடுத்த நாட்கள் படிப்பின் கடைசியில் நீளும், அதனால் சீட் போய்விடாது. பரீட்சை ஒரு பருவம் தள்ளிப் போகலாம். நாற்பது வருடம் செய்யப்போகிற வேலையில் ஆறு மாதம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ராத்திரி போன் வரும், போக வேண்டியிருக்கும் என்று அவரிடமே நேராகச் சொல்லுங்கள்.

உயரத்துக்குக் கவலையே வேண்டாம். ஸ்டூல் போட்டு நில்லுங்கள். டேபிள் உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். லேப்ராஸ்கோபி (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) என்றால் கருவியின் பிடி முழங்கை மட்டத்துக்கு வரும்படி டேபிளை இன்னும் இறக்கச் சொல்லுங்கள். எதிரே நிற்கும் ஆறடி ஆளுக்காகத் தோளைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் முப்பத்தைந்து வயதில் கழுத்து போய்விடும். எனக்குப் போனது. கிளவுஸ் அளவைத் தியேட்டர் சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரிய கிளவுஸில் விரல் நுனி மடிந்து முடிச்சோடு சேர்ந்து மாட்டும். குடலைத் தைக்கும் ஸ்டேப்ளரைச் சின்னக் கையால் ஒரே பிடியில் அழுத்த முடியாவிட்டால் இரண்டு கையால் அழுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதுகாப்பை லேசாக எடுக்காதீர்கள். நம் பாதையிலேயே இருக்கிற கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில் 2023 மே 10 அதிகாலையில், போலீஸ் கூட்டி வந்த ஆள் ஒரு ஹவுஸ் சர்ஜனைக் குத்திக் கொன்றான். அந்தப் பெண்ணுக்கு உங்கள் வயதுதான். அந்தச் செய்தி வந்த காலையில் நான் தியேட்டருக்குப் போகவில்லை. அதன் பிறகு கேரளம் சட்டத்தைக் கடுமையாக்கியது, பெரிய காயம் உண்டாக்கினால் 7 வருடம் வரை சிறை. சட்டம் இருக்கட்டும், நீங்கள் சேரும் இடத்தில் டூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை எத்தனை அடி தூரம் என்று போய்ப் பாருங்கள். 2013 சட்டப்படி பாலியல் தொந்தரவு புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். அவர் யார் என்று அங்கே கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு குழப்பம், எந்த மாநிலக் கணக்கில் வருவோம் என்பது. பிஜி சீட்டில் குடியிருப்பை வைத்து ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தின் விளக்கக் கையேட்டைப் படித்துவிட்டுக் கல்லூரிகளின் விருப்பப் பட்டியல் போடுங்கள்.

பட்டியல் போடுவதற்கு முன்னால் மேலே இருக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய்விட்டு வாருங்கள். துறைத் தலைவரைப் பார்க்க வேண்டாம். சர்ஜரி மூன்றாம் வருடப் பெண் பிஜி ஒருவரைக் கேன்டீனில் பிடியுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "போன மாசம் நீங்களே கத்தி வச்ச கேஸ் எத்தனைக்கா?" என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொன்னால் அந்தக் கல்லூரியை முதலில் போடுங்கள். அந்த யூனிட்டில் பெண் பிஜியே இல்லை என்றால், ஏன் இல்லை என்று அங்குள்ள தியேட்டர் சிஸ்டரிடம் கேளுங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.