மச்சா டின்னும் இரண்டு குளிசைகளும்

கேள்வி: டொக்டர், எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை கோட்டையில் ஒரு வங்கியில். கனடாவிலிருந்து வந்த அக்கா, மச்சா என்கிற ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பவுடர் டின் ஒன்று தந்துவிட்டுப் போனார். ஒரு மாதமாகக் காலையில் பாலில் அடித்துக் குடிக்கிறேன், ஓட்ஸிலும் போடுகிறேன், ஒருநாள் தோசை மாவிலும் கலந்து பார்த்தேன். நல்ல சத்து என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் களைப்பு மட்டும் போகவில்லை. கடைசியாகச் செய்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 8. இரும்புக் குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு போடுகிறேன். தைரொயிட்டுக்குத் தரும் தைரொக்சின் 50 எழும்பியவுடனே போட்டுவிடுவேன். 11 வயது மகளும் மச்சா கேட்கிறாள். என்னோடு இருக்கும் அம்மா இதய வால்வு ஒபரேஷன் செய்தவர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார், அவரும் ருசி பார்க்கிறார். மச்சாவை எப்படிச் சேர்த்தால் சத்தான காலைச் சாப்பாடாக இருக்கும்?

பதில்: நீங்கள் மச்சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் முதலில் குளிசைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் மச்சா கண்ணில் பட்டது, இரண்டாம் தரம் உங்கள் காலை நேரம் கண்ணில் பட்டது. எழும்பியவுடன் தைரொக்சின், கொஞ்ச நேரத்தில் இரும்பு, அதோடு பால், அந்தப் பாலுக்குள்ளேயே மச்சா. இந்த நாலும் ஒரே வயிற்றுக்குள் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒன்றையொன்று வேலை செய்ய விடாது.

தைரொக்சினை இரும்பு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணித்தியாலம் விடச் சொல்கிறோம், பாலில் உள்ள கல்சியத்துக்கும் ஏறக்குறைய அதே கதைதான். இரும்பைத் தேயிலை பிடித்துக்கொள்ளும்: தேயிலையில் உள்ள கட்டெக்கின் வகைப் பொருட்கள் குடலுக்குள் இரும்போடு ஒட்டி, உடம்பு உறிஞ்ச முடியாத ஒன்றாக அதை மாற்றிவிடுகின்றன. மரக்கறி, தானியங்களில் உள்ள இரும்பு என்றால் சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கப் தேநீர் பாதிக்கும் மேல் தடுத்துவிடும், குளிசையிலும் நஷ்டம் உண்டு. மச்சா மட்டும் குற்றவாளி இல்லை, நாங்கள் தினமும் குடிக்கும் பிளேன்டீயும் இதையேதான் செய்யும், இரண்டும் ஒரே செடிதானே. ஆனால் பிளேன்டீயில் சாயத்தை மட்டும் குடித்துவிட்டு இலையை எறிகிறோம், மச்சாவில் இலையையே விழுங்குகிறோம்.

அதனால் களைப்பு போகவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஃபெரிட்டின் 8 என்றால் இரும்புக் களஞ்சியம் ஏறக்குறைய காலி. பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனாலே குறைபாடு என்று கணக்கு. ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 10.2. ஏன் இந்த நிலை என்ற கேள்வியும் இருக்கிறது. மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் அதை உங்கள் டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இது நாங்கள் கேட்டால் மட்டுமே பெண்கள் சொல்கிற விஷயமாக இருக்கிறது, சில நேரம் நாங்களும் கேட்க மறந்துவிடுகிறோம்.

சரி, நேரத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். 5.30க்கு எழும்பினால் தைரொக்சின், வெறும் தண்ணீரோடு. 6.30க்குக் காலைச் சாப்பாடு, பாலும் வேண்டாம் தேநீரும் வேண்டாம் மச்சாவும் வேண்டாம். 10.30க்கு வங்கியில் தேநீர் நேரம் வரும், அப்போது மச்சாவைக் குடியுங்கள், சீனி போடாமல். பகல் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும், அது போதும். இரும்புக் குளிசையை இரவுக்கு மாற்றுங்கள், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, தேசிக்காய்த் தண்ணீரோடு, அல்லது பாதிக் கொய்யாப்பழத்தோடு. விற்றமின் சி இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால் இரண்டு வாய் சாப்பாட்டோடு போடுங்கள், நிறுத்திவிட வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்றும் உங்கள் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு அதுவே வயிற்றுக்கு இதமாக இருக்கிறது.

இனி மச்சா. ஜப்பானில் அறுவடைக்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன்பே செடிகளின் மேல் நிழல் போட்டுவிடுவார்கள். வெயில் குறைந்தால் இலையில் பச்சையம் கூடும், தியனைன் என்ற பொருளும் தங்கும், மச்சாவின் அந்த இனிமையான சுவைக்கு அதுதான் காரணம். பறித்த இலையை ஆவியில் காட்டி, காயவைத்து, நரம்பையும் தண்டையும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு மணித்தியாலம் அரைத்தால் சுமார் 40 கிராம்தான் கிடைக்கும், விலைக்கு அதுவும் ஒரு காரணம். கியோத்தோவுக்கு அருகில் உள்ள ஊஜி இதற்குப் பேர்போன இடம்.

உங்கள் டின்னில் இருந்து ஒரு தரம் எடுப்பது 1 கிராம், மட்டமாக அரைத் தேக்கரண்டி. அதில் 20 முதல் 40 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 400 வரை பிரச்சினையில்லை, கர்ப்பிணிக்கு 200. புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது என்று டின்னில் போட்டிருப்பார்கள், பொய் இல்லை, 100 கிராமுக்கு நிறையவே இருக்கிறது, ஆனால் யார் 100 கிராம் சாப்பிடப்போகிறார்கள்? உங்கள் 1 கிராமில் அரைக் கிராம் புரதம்கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம்.

இன்னொரு எண்ணும் சுற்றித் திரிகிறது, மச்சாவில் கட்டெக்கின் சாதாரண கிரீன் டீயை விட 137 மடங்கு என்று. அந்த எண் 2003இல் வந்த ஒரு ஆய்விலிருந்து எடுத்தது. கடையில் விற்ற ஒரே ஒரு வகைக் கிரீன் டீயோடு, ஒரே ஒரு கட்டெக்கினை ஒப்பிட்டதில் வந்தது. அதே ஆய்விலேயே மற்றக் கிரீன் டீகளில் பதிவான அதிகபட்ச அளவோடு பார்த்தபோது வித்தியாசம் 3 மடங்கு அளவுதான். விற்பவர்களுக்கு 3 பிடிக்கவில்லை, 137 பிடித்துவிட்டது. உடம்பு மெலிவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிரீன் டீ குடித்துக் குறையும் எடை, தராசில் தெரியாத அளவு என்றுதான் சொல்லியிருப்பேன்.

தோசை மாவில் கலந்தது பற்றி: பச்சைத் தோசை வரும், அவ்வளவுதான். சூட்டில் கட்டெக்கின் கொஞ்சம் போகும், சட்னியோடு சாப்பிட்டால் மச்சாவின் ருசியும் போகும்.

அப்படியென்றால் 6.30க்கு என்ன சாப்பிடுவது? நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியதுதான். சிவப்பரிசி இடியப்பம், பருப்பு, ஒரு அவித்த முட்டை, மேலே தேசிக்காய் பிழிந்த சம்பல். அல்லது அவித்த பயறு, தேங்காய்ப்பூ, கட்டைச் சம்பல், பிறகு ஒரு துண்டு பப்பாசி. மச்சம் சாப்பிடுகிற நாளில் நெத்தலி, சூரை மீன், கிழமையில் ஒருநாள் ஈரல், இவற்றின் இரும்பைத் தேயிலையால் அவ்வளவு எளிதில் தடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் கடலை, கௌபி, கூடவே தோடம்பழம் அல்லது நெல்லிக்காய். வெறும் பாணும் பட்டரும் ஜாமும், கூட ஒரு மச்சாவும் என்றால் அது நல்ல காலைச் சாப்பாடு இல்லை, பச்சையாக இருந்தாலும்.

பச்சைதான் வேண்டும் என்றால் எங்களிடம் இலைக்கஞ்சி இருக்கிறதே. வல்லாரையோ சாத்தாவாரியோ அரைத்துப் பிழிந்து, சிவப்புப் பச்சையரிசிக் கஞ்சியில் ஊற்றி, தேங்காய்ப்பாலும் உள்ளியும் சேர்த்து, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. காலையில் நடக்கப் போகிறவர்களுக்குக் கொழும்பில் வாளியிலும் பிளாஸ்கிலும் வைத்து விற்கிறார்களே, அந்தக் கொலகெந்ததான். அதில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், இலையில் உள்ள இரும்பும் லேசில் உறிஞ்சப்படாது. ஆனால் வயிறு நிறையும், விலை குறைவு, உங்கள் குளிசை மேசையிலும் கலகம் செய்யாது.

மச்சாவை வங்கியில் எப்படிப் போடுவது? மூங்கில் துடைப்பம் தேவையில்லை. மூடி இறுக்கமான ஜாம் போத்தல் ஒன்று எடுங்கள். பவுடரைத் தேநீர் வடியில் ஒருதரம் தட்டிச் சலித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். கெட்டில் கொதித்தவுடன் ஊற்றாமல் வெறுங்கப் ஒன்றில் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள், 80 பாகைக்கு வந்துவிடும், கொதிதண்ணீரில் கசக்கும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் பசை மாதிரிக் குழைத்து, பிறகு இந்தத் தண்ணீரை ஊற்றி, துணியால் பிடித்துக்கொண்டு ஒரு குலுக்கு, மூடியை மெதுவாகத் திறவுங்கள். நுரை வரும். வெறும் வயிற்றில் மட்டும் குடிக்க வேண்டாம். ஒருநாள் நான் சாப்பிடாமல் ஒரு கப் குடித்துவிட்டு வார்டுக்குப் போய், முதலாவது நோயாளியைப் பார்க்கும்போதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நோயாளியே எனக்குக் கதிரையைக் காட்டினார்.

டின்னைப் பற்றி ஒன்று. கொழும்பின் ஈரக்காற்றுக்கு இந்தப் பவுடர் தாங்காது. இறுக மூடி பிரிட்ஜில் வையுங்கள், ஆனால் வெளியே எடுத்தவுடன் திறக்க வேண்டாம், குளிர்ந்த டின்னுக்குள் காற்று பட்டால் தண்ணீர் துளிர்த்துக் கட்டியாகிவிடும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி மஞ்சளாக வந்தால் பழையதாகிவிட்டது. டின் முடிந்து இங்கே வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள், சேர்மானப் பட்டியலில் முதலாவது சீனியாக இருந்தால் நீங்கள் வாங்குவது மச்சா வாசம் போட்ட சீனி. போத்தல் குளிர்பானத்தில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிற நாடு இது, ஆனால் கடையில் கப்பில் ஊற்றித்தரும் மச்சாவுக்கு அந்த அடையாளம் கிடையாது.

மகளுக்கு இப்போது வேண்டாம். பிள்ளைகளுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 3 மில்லிகிராம் கஃபீன் வரை பரவாயில்லை என்று ஐரோப்பியக் கணக்கு இருக்கிறது, ஒரு கிராம் மச்சா அதற்குள் அடங்கும்தான். ஆனால் வளர்கிற வயது, மாதவிலக்கு தொடங்கப்போகிற வயது, வீட்டில் அம்மாவுக்கே இரும்பு இல்லை, அவள் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் தேயிலையை வைக்க எனக்கு மனமில்லை. சனிக்கிழமை பான்கேக்கில் கால் தேக்கரண்டி போட்டுக் கொடுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அம்மாவின் விஷயம்தான் அவசரம். இலையை முழுதாக விழுங்குவதால் மச்சாவில் விற்றமின் கே இருக்கிறது, 1 கிராமில் 30 மைக்ரோகிராம் அளவு. வார்ஃபரினின் வேலையை அதுதான் குறைக்கும். ஒருநாள் ருசி பார்த்தால் ஒன்றும் ஆகாது, ஒருநாள் இரண்டு கப், மறுநாள் ஒன்றுமில்லை என்று மாறி மாறிக் குடிப்பதுதான் ஐஎன்ஆரை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் கணக்கைக் குழப்பும். வால்வு உள்ளவருக்கு அது விளையாட்டு இல்லை. அடுத்த பரிசோதனை முடியும்வரை மச்சாவை மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு மாதம் ருசி பார்த்ததை கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களுக்கு, நேரத்தை மாற்றி ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்து தைரொயிட்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் திரும்பப் பாருங்கள். இரும்பு வழிவிட்டதால் தைரொக்சின் இப்போது முழுசாக உறிஞ்சப்படும், அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம், அதனால் நெஞ்சு படபடத்தாலோ கை நடுங்கினாலோ அதற்கு முன்பே போங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரும்பை இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், களஞ்சியம் நிரம்ப அவ்வளவு நாள் எடுக்கும். குளிசையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், ஆனால் அது தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு போனால் வீட்டில் இருந்து பார்க்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.