வெயில் இல்லாமலும் பூண்டு காயும்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்புறம் இரண்டு பாத்திகளில் ஆனி மாதம் மலைப்பூண்டு ஊன்றினோம். இப்போது ஐப்பசி. கீழ்த்தாள்கள் மஞ்சளாகிவிட்டன, மேல்தாள்கள் பச்சையாகவே நிற்கின்றன, மழையும் விட்டபாடில்லை. வெயில் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். நீலகிரியில் ஜூன், ஜூலை மாதங்களில் ஊன்றும் பூண்டு ஏறத்தாழ 120 முதல் 130 நாட்களில் முற்றுவதால், அறுவடை வடகிழக்குப் பருவமழைக்குள் சிக்குவது அந்தப் போகத்தின் இயல்பாகவே இருக்கிறது. பூண்டின் மேல் சுற்றியிருக்கும் ஒவ்வொரு தோலும் ஒரு தாளின் அடிப்பகுதிதான். தாள் பட்டுப்போனால், ஈர மண்ணுக்குள் அந்தத் தோலும் மக்கத் தொடங்கும். எல்லாத் தாள்களும் காயும்வரை விட்டுவைத்தால் மேல்தோல் கிழிந்து, பற்கள் விரிந்து, இடுக்குகளில் மண்ணும் பூஞ்சையும் புகுந்துவிடும். அத்தகைய பூண்டை எவ்வளவு பக்குவமாக உலர்த்தினாலும் நாள்பட வைத்திருக்க முடியாது. தாள்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மஞ்சளாகி, மேலே நான்கைந்து பச்சையாக நிற்கும் நிலையே மழைக்காலத்தில் எடுப்பதற்கு ஏற்றது. ஐயமிருந்தால் ஒரு செடியை மட்டும் தோண்டி, பூண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தனித்தனியாகப் பிரிந்து, தோலுக்குள் நிறைந்து பருத்திருந்தால் மற்றவற்றையும் எடுத்துவிடலாம்.

அரை நாள் மழை ஓய்ந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து அறுந்துவிடும். களைக்கொத்தால் சற்றுத் தள்ளி மண்ணை நெகிழ்த்திய பிறகு தூக்குங்கள். சேறு ஒட்டியிருக்கிறதே என்று கழுவுவதும், ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்ப்பதும் கூடாது. அடிபட்ட இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. பெரிய கட்டிகளை மட்டும் விரலால் எடுத்துவிட்டு, மீதியைக் காய்ந்தபின் உதிர்த்துக்கொள்ளலாம்.

உலர்த்துவதற்கு வெயிலைவிடக் காற்றோட்டமே முக்கியம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாளையும் வேரையும் வெட்டாமல், ஆறேழு பூண்டுகளைத் தளர்வான கொத்தாகக் கட்டி, சாரல் படாத தாழ்வாரத்திலோ காற்று வந்து போகும் அறையிலோ இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். அறை மூடியதாக இருந்தால் மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட வேண்டும். குவித்து வைப்பதும் சாக்கில் கட்டுவதும் ஒரே வாரத்தில் அழுகலுக்கு வழிசெய்யும். விறகடுப்பு உள்ள வீடுகளில் அதற்கு மேலுள்ள பரணில் தொங்கவிடும் வழக்கம் மிக நல்லது. இளஞ்சூடும் புகையும் ஈரத்தை விரட்டும். இடையே சுள்ளென்று வெயில் அடித்தால் வெறும் சிமெண்ட் தரையில் பரப்பிவிடாதீர்கள். பச்சைப் பூண்டின் சதை வெந்துபோகும்.

கேள்வி: காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவது? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: மேல்தோல் சரசரக்க வேண்டும், வேர் விறைக்க வேண்டும், கழுத்தை அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. பொதுவாக இரண்டு வாரம் போதும். மூடுபனி சூழ்ந்த உங்கள் ஊரில் மூன்று, நான்கு வாரங்களும் ஆகலாம். அதன்பின் வேரைக் கத்தரித்து, தாளை விரற்கடை அளவு விட்டு நறுக்கி, வலைப்பையில் தொங்கவிடுங்கள். ஃப்ரிட்ஜின் குளிர் பூண்டை முளைக்கத் தூண்டும் என்பதால் அங்கே வைக்க வேண்டாம்.

கேள்வி: தோல் கிழிந்தவற்றை உரித்து எண்ணெயில் போட்டு வைக்கலாமா?

பதில்: அறைச் சூட்டில் வைக்கவே கூடாது. எண்ணெய் காற்றைத் தடுத்துவிடுவதால், மண்ணில் வாழும் போட்டுலினம் என்னும் பாக்டீரியா அதற்குள் பெருகி, உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கக்கூடும். நிறத்திலோ மணத்திலோ அது தெரியாமலும் போகலாம். கிழிந்தவற்றைத் தனியே பிரித்து அன்றாடச் சமையலுக்கு முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஈரமே இல்லாமல் மொறுமொறுவென்று ஆகும்வரை மின் உலர்த்தியில் காயவைத்துப் பொடித்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றில் ஊறுகாய் போட்டால் பற்கள் சிலசமயம் நீலப்பச்சையாக மாறும். அது பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் வினைபுரிவதால் வரும் நிறம், உண்பதற்குக் கேடில்லை.