கல்பாசி புனேயிலும் கிடைக்கும்

கேள்வி: வணக்கம் ஆச்சி. நான் பிறந்தது நாகர்கோவில். வீட்டுக்காரர் வேலைக்காகக் காரைக்குடிக்கு வந்து 16 வருஷம் இருந்தோம். இப்போது மகளோடு புனேயில். வேடிக்கை என்னவென்றால், பிறந்த ஊர் மீன்குழம்பைக்கூட மனசு தேடவில்லை, வெள்ளைப் பணியாரத்துக்கும் வெண்டைக்காய் மண்டிக்கும் ஏங்குகிறது. இங்கே ‘செட்டிநாடு’ என்று போர்டு போட்ட ஓட்டலில் வெறும் சிவப்பும் எரிச்சலும்தான். வீட்டில் செய்தால் பணியாரம் எண்ணெய் குடிக்கிறது, மண்டி சாம்பார் மாதிரி வருகிறது. மசாலாவில் போடுகிற கல்பாசிக்கும், கறுப்புக் கவுனி அரிசிக்கும் ஊரிலிருந்து யாராவது வரக் காத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, புனே

பதில்: வேடிக்கை ஒன்றுமில்லை, நானும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இங்கே செட்டிநாட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள்தான். கல்யாணமான புதிதில், அரிசி களைந்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றுகிறார்களே என்று முகம் சுளித்தேன். இப்போது நாலு நாள் வெளியூர் போய் வந்தால் முதலில் வைப்பது மண்டிதான்.

சாம்பார் மாதிரி வருகிறதென்றால் பருப்போ சாம்பார்பொடியோ போட்டிருக்கிறீர்கள், அடித்துச் சொல்வேன். ரெண்டும் கூடாது. அரிசியை முதல் தரம் அலசிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தரம் நன்றாகப் பிசைந்து களைந்த தண்ணீரை எடுத்து, அதிலேயே புளியைக் கரையுங்கள். சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, கீறிய பச்சை மிளகாய், வெண்டைக்காய் எல்லாவற்றையும் வதக்கி, வெண்டைக்காயின் வழவழப்பு போன பிறகு அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க விட்டால் தானே கெட்டியாகும். பாஸ்மதி களைந்த தண்ணீர் மட்டும் வேண்டாம், அந்த வாசனை மண்டிக்கு ஒட்டவே ஒட்டாது.

பணியாரத்துக்கு எல்லாமே அளவுதான். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. 2 மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்புப் போட்டு உடனே சுட்டுவிட வேண்டும். இட்லி மாவு மாதிரி ராத்திரி புளிக்க வைத்தீர்களோ? அப்படியானால் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றுங்கள், தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

கல்பாசிக்கு ஊரிலிருந்து ஆள் வரக் காத்திருக்காதீர்கள். அங்கே மளிகைக் கடையில் ‘தகட் ஃபூல்’ என்று கேளுங்கள், மராத்திக்காரர்களுடைய கோடா மசாலாவிலேயே அது உண்டு. கொஞ்சமாகப் போடுங்கள், கூடினால் கசக்கும். கவுனி அரிசியை மட்டும் காரைக்குடியிலிருந்து வரவழைத்துக்கொள்ளுங்கள்; அதுவே பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூலம் இங்கே வந்ததாகத்தான் சொல்வார்கள்!

கேள்வி: துபாயில் இருக்கும் மகனுக்கு வெள்ளைப் பணியாரம் கூரியரில் அனுப்பலாமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: ஐயோ, வேண்டாம். சுட்டு அரை மணி நேரத்தில் தளர்ந்துபோகிற பண்டம் அது. தேன்குழலும் சீப்புச் சீடையும் அனுப்புங்கள். பணியாரத்துக்கு அவர் லீவில் வரட்டும்.