ராமுவும் ராமும்

அன்புள்ள சார்,

கொத்தவால்சாவடிப் பக்கம் பதினான்கு மளிகை மொத்தக் கடைகளில் எங்கள் பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. 2012இல் பைத்தான் நிரல்மொழியின் 2.7 பதிப்பில் எழுத ஆரம்பித்தது, இன்று சுமார் 40,000 வரி. நிரலைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் எதுவும் கிடையாது. இனி 2.7 வேண்டாம், 3.13க்கு மாற்று என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் ஒருவன்தான் பார்க்கிறேன்.

நேராக 3.13க்குத் தாவலாமா? மொத்தமாக மாற்றித் தர ஒரு நல்ல கருவி உண்டா, அல்லது எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடுவது மேலா? பொங்கலுக்குள் முடியுமா?

ஒரு கடையில் சோதனைக்குப் போட்டிருக்கிறேன். ‘சார்மேப்’ என்று ஒரு யூனிகோட் எரர் விடாமல் வந்தது. கோப்பைத் திறக்கும் இடங்களில் எல்லாம் எரர்ஸ் என்பதற்கு ‘இக்னோர்’ என்று கொடுத்துவிட்டேன். இப்போது ஓடுகிறது. பில்லை ஹெச்டிஎம்எல் கோப்பாக எழுதி பிரவுசர் வழியாக பிரிண்ட் எடுக்கிறோம். அதில் சில பெயர்களில் மட்டும் புள்ளியும் உகரமும் விழாமல் பெட்டி வருகிறது. ஃபான்ட் பிரச்சினை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

எஸ்., வண்ணாரப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தக் கடைக்கு ஃபோன் போட்டு, புது மென்பொருளில் பில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பழைய 2.7 மெஷின் இன்னும் இருக்கிறதல்லவா, அதிலேயே போடட்டும். பிறகு இதைப் படியுங்கள்.

அது ஃபான்ட் பிரச்சினை இல்லை. பழைய நிரலைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கும்போது உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்களுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி நான்கு வரியில் அது முழுதாக இருக்கிறது.

யூனிகோட் எழுத்தைக் கோப்பில் எண்களாகப் பதியும் முறை யூடிஎஃப்-8. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதில் 3 பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள் மூன்று. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது குறிக்குக் குறி மாறும். 2.7இல் கோப்பைத் திறந்தால் இந்த பைட்களை அப்படியே வாங்கி அப்படியே வெளியே தள்ளும். அது தமிழா தெலுங்கா என்று அதற்குக் கவலையில்லை. பத்து வருடத்துக்கு மேல் உங்கள் பில்லில் தமிழ் ஒழுங்காக வந்ததற்குக் காரணம் அதுதான். பைத்தான் 3 அப்படி விடாது. டெக்ஸ்ட் கோப்பு என்றால் பைட்டை எழுத்தாக மாற்றியே தீரும். எந்த என்கோடிங், அதாவது எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை, என்று நீங்கள் சொல்லாவிட்டால் விண்டோஸைக் கேட்கும். ஆங்கில அமைப்பில் இருக்கும் விண்டோஸ் சொல்லும் பதில் சிபி-1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகப் போட்ட அட்டவணை அது. அதில் 129, 141, 143, 144, 157 என்று ஐந்து இடங்கள் காலி.

இப்போது நம் எழுத்துக்கு வாருங்கள். உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. புள்ளிக்கு 141. ஏ என்ற எழுத்துக்கு 143, ஐ என்ற எழுத்துக்கு 144. தினசரி எழுத்தில் வருபவற்றில் இந்த நான்கும்தான் அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன. உங்கள் எரர் செய்தியில் 0எக்ஸ்8டி என்று ஒரு எண் திரும்பத் திரும்ப வந்திருக்குமே, அது 141தான். “புள்ளியைப் படிக்க என்னிடம் வழியில்லை” என்று பைத்தான் வரி எண்ணோடு சொன்னது. “சரி, விட்டுத் தள்ளு” என்று நீங்கள் 40,000 வரிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள்.

மற்ற எழுத்துகள் ஏன் நன்றாக வருகின்றன? தப்பான அட்டவணையில் படித்து அதே தப்பான அட்டவணையில் திரும்ப எழுதினால், காலி இடத்தில் விழாத பைட்கள் எல்லாம் போனபடியே திரும்பி வந்துவிடும். பிரவுசர் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துத் தமிழாகவே காட்டும். அதனால்தான் சின்னக் கோளாறு போலத் தெரிகிறது.

இப்போது நடக்கக்கூடியதைப் பாருங்கள். ராமு ஸ்டோர்ஸ் என்று ஒரு பார்ட்டி, ராம் ஸ்டோர்ஸ் என்று இன்னொரு பார்ட்டி. ராமுவின் உகரமும் ராமின் புள்ளியும் மூன்றாவது பைட்டை இழந்தால், இரண்டு பெயரும் பைட்டுக்கு பைட் ஒன்றே ஆகிவிடும். பாக்கியைப் பெயரை வைத்து டிக்‌ஷனரியில் கூட்டும் இடம் உங்கள் நிரலில் ஒன்று இருந்தால் போதும், ராமுவின் பாக்கி ராமின் தலையில் ஏறும். எரர் வராது. கூட்டுத்தொகையும் சரியாக இருக்கும். பேரேடு மட்டும் பொய் சொல்லும். ஏழுமலையும் ஐயப்பனும் முதல் எழுத்தே இல்லாமல் நிற்பார்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ‘இக்னோர்’ என்பது எரரை நிறுத்தும் வழியல்ல, அடுத்தவர் பெயரை அழிக்கும் வழி. அதற்கு அண்ணன் தம்பிகளும் உண்டு. ‘ரிப்ளேஸ்’ கொடுத்தால் அழித்த இடத்தில் ஒரு கேள்விக்குறியாவது நிற்கும், ஆனால் அழித்தது அழித்ததுதான். லத்தீன்-1 என்ற இன்னொரு ஐரோப்பிய அட்டவணையைக் கொடுத்தால் காலி இடமே கிடையாது, எரரும் வராது, ஆனால் உள்ளே இருப்பது தமிழும் இல்லை. நீளம், வரிசை, தேடல் எல்லாம் கெட்டுப்போகும். திரையில் தலைக்குமேல் கோடு சாய்ந்த சின்ன ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் வரிசையாக வந்தால் அதுதான் இது. லத்தீன்-1க்கு ஒரு நல்ல குணம், அதே வழியில் திரும்பி நடந்து மீட்டுவிடலாம். ‘இக்னோர்’ போன வழியில் திரும்ப முடியாது.

அதனால் இப்போதே அடிபட்டதைக் கணக்கெடுங்கள். பார்ட்டி பட்டியலை ‘ஆர்பி’ முறையில் பைட்டாகத் திறந்து, வரி வரியாக யூடிஎஃப்-8 என்று டிகோட் செய்யுங்கள், அதாவது எழுத்தாக மாற்றுங்கள், எந்தச் சலுகையும் கொடுக்காமல். எரர் வரும் வரிகள்தான் அடிபட்டவை. 224, 175க்குப் பிறகு 128 முதல் 191 வரையிலான பைட் வராவிட்டால் அங்கே போனது புள்ளி அல்லது உகரம். 224, 174க்குப் பிறகு வராவிட்டால் ஏ அல்லது ஐ. எது என்று நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள். சோதனைக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து பார்ட்டி கோட் அல்லது ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பொருத்தி எடுங்கள். சோதனை தொடங்கிய பிறகு திரையில் புதிதாகத் தட்டிய பெயர்களைத் தனியாகப் பாருங்கள். அவை நிஜத் தமிழாக உள்ளே வந்து சிபி-1252இல் வெளியே போயிருந்தால் ஒரு எழுத்துகூட மிஞ்சியிருக்காது. அவற்றைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

இனி மருந்து. இதைச் சரிசெய்ய பைத்தான் 3 வரை காத்திருக்கவே வேண்டாம், 2.7இல் இருக்கும்போதே செய்யலாம். பைத்தானோடு வரும் ‘ஐஓ’ மாட்யூலில் (துணை நிரலில்) இருக்கும் ‘ஓப்பன்’ இரண்டு பதிப்பிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், என்கோடிங்கையும் வாங்கிக்கொள்ளும். டெக்ஸ்ட் கோப்புகளைத் திறக்கும் எல்லா இடத்திலும் அதைப் போட்டு, யூடிஎஃப்-8 என்று எழுத்தில் கொடுங்கள். உள்ளே வரும் வாசலில் டிகோட், வெளியே போகும் வாசலில் என்கோட் (மறுபடி பைட்டாக்குவது), நடுவில் யூனிகோட் மட்டும். காற்புள்ளியிட்ட பட்டியல் கோப்புகளைக் கையாளும் 2.7இன் சிஎஸ்வி மாட்யூலுக்கு யூனிகோட் தெரியாது, அங்கே மட்டும் 3இன் வசதியை 2.7க்குக் கொண்டுவரும் பேக்போர்ட் பேக்கேஜ் வேண்டியிருக்கும். 3இல் சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்க மறந்தால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும். ஆடிட்டருக்கு எக்செலில் திறக்கப் போகும் கோப்பை யூடிஎஃப்-8-சிக் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் குதறும்.

மாற்றிய பிறகு 3இல் ஓட்டும்போது ‘மைனஸ் பிபி’ என்ற ஆப்ஷன் போட்டு ஓட்டுங்கள். பைட்டையும் எழுத்தையும் ஒப்பிட்டாலோ, பைட்டை அப்படியே ஸ்ட்ரிங் ஆக்கினாலோ அந்த இடத்திலேயே நிற்கும். இல்லாவிட்டால் ஒப்பீடு சத்தமில்லாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகும், பார்ட்டி இருந்தும் இல்லை என்று வரும். என்கோடிங் சொல்லாமல் விட்ட இடங்களைக் காட்டிக்கொடுக்க 3.10 முதல் ‘வார்ன் டிஃபால்ட் என்கோடிங்’ என்று ஒரு எக்ஸ் ஆப்ஷன் உண்டு. 3.15இலிருந்து யூடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. அதை நம்பி இப்போது எழுதாமல் விடாதீர்கள்.

அடுத்து டெஸ்ட். டெஸ்ட் இல்லை என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. 40,000 வரியைத் தனி ஆளாகச் சுமப்பது லேசான பாரமில்லை. எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதச் சொல்ல மாட்டேன். 2.7 மெஷினில் பழைய பில் 500ஐ மறுபடி போட்டு, வரும் கோப்புகளை அப்படியே பைட்டாக எடுத்து வையுங்கள். ரிச்சி தெருவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அந்த மெஷினையே முழுதாக நகலெடுத்து வைத்தால் இன்னும் நிம்மதி. புது நிரலின் பில்கள் பைட்டுக்கு பைட் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு பைட் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் தாண்டாதீர்கள்.

ஆனால் அந்த 500இல் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ‘டெஸ்ட் கஸ்டமர் 1’ என்று ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தால் எல்லாமே ஓடும். 2.7இல் யூனிகோடும் பைட்டும் கலந்தாலும் ஆங்கிலம் மட்டும் இருக்கும்வரை மூச்சு விடாது, முதல் தமிழ்ப் பெயர் வரும்போதுதான் விழும். அதனால் ராமு, ராம், ஏழுமலை, ஐயப்பன் நால்வரும் கட்டாயம் இருக்க வேண்டும். கோபால் இரண்டு முறை வேண்டும். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேர்க்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. வாசலிலேயே ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலைக் கொண்டு என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸும் இரண்டு முறை வேண்டும். ஸ வைத்தும் ஸ்ரீ எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். இதை என்எஃப்சி ஒன்றாக்காது, நீங்களே ஒரு விதி எழுதி ஏதாவது ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும். மளிகைக் கடைப் பெயர்களில் ஸ்ரீ எத்தனை இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரை 20 எழுத்தோடு வெட்டும் இடம் பில்லில் இருக்கும். 2.7 பைட்டை எண்ணும், 3 குறியை எண்ணும். ‘தமிழ்’ என்பது 2.7இல் 15, 3இல் 5, நம் கணக்கில் 3. 3இல் வெட்டினாலும் மெய்யும் புள்ளியும் பிரிந்துபோகலாம். மறுபடி புள்ளியைக் காணோம் என்று ஃபான்டைத் தேடாதீர்கள். தேடலில் சொல்லைப் பிரிக்க ‘ஆர்இ’ மாட்யூலின் பேக்ஸ்லாஷ் டபிள்யூவை நம்பினால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வரும். அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. ‘ரெஜெக்ஸ்’ என்ற தனி பேக்கேஜ் இதைச் சரியாகச் செய்கிறது, பேக்ஸ்லாஷ் எக்ஸ் என்று முழு எழுத்தாகவும் பிரித்துத் தரும்.

உங்கள் கேள்விகள். நேராகத் தாவாதீர்கள். முதலில் 2.7இலும் 3இலும் ஓடும் நிரலாக்குங்கள், அப்புறம் 2.7ஐ விடுங்கள். கருவி என்றால் 2டு3 இருந்தது, 3.13இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் மெஷினில் 3.12 வைத்து ஓட்டிக்கொள்ளுங்கள், ஓடுமிடம் 3.13 ஆகவே இருக்கட்டும். அதற்கு 2029 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். 3.12இல் போன டிஸ்டுடில்ஸ், ஐஎம்பி, 3.13இல் போன சிஜிஐ ஆகிய மாட்யூல்கள் எல்லாம் இம்போர்ட்டிலேயே விழுந்து தாமாகக் காட்டிக்கொடுக்கும், ஒரு மதியத்து வேலை. ஏஐயிடம் கொடுத்தாலும் இதே கதைதான், உங்கள் கோப்பில் என்ன பைட் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. புதிதாக எழுதும் யோசனையை விட்டுவிடுங்கள்.

பணத்தில் மட்டும் ஒன்று. 1240.50ஐ ‘ரவுண்ட்’ செய்தால் 2.7 தருவது 1241, 3 தருவது 1240. சரிபாதி வந்தால் 3 இரட்டைப்படை எண் பக்கம் சாயும். ஐம்பது காசில் முடியும் பில்களில் பாதியில் தெரியாது, மீதியில் ஒரு ரூபாய் உதைக்கும். டெசிமல் மாட்யூலில் ‘ரவுண்ட் ஹாஃப் அப்’ என்று கொடுங்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்து மூட்டை கணக்குப் போட்ட இடங்களில் இரட்டைச் சாய்கோடு வேண்டும், இல்லாவிட்டால் மூன்றரை மூட்டை வரும்.

பொங்கலுக்குள் முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரண்டு மெஷினும் ஒரே பில்லைப் போடட்டும், தினமும் ராத்திரி ஒப்பிட்டுப் பாருங்கள். மார்ச் 31 கணக்கை 2.7இலேயே முடித்து, ஏப்ரலில் மாறுங்கள். முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ராமு, ராம் மாதிரி ஒரு ஜோடி உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். சோதனைக் கடையின் கோப்பிலிருந்து அந்த இரண்டு பேரின் பாக்கியையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வையுங்கள்.