திரும்பிப் பார்க்கிற கண்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருந்து துவாஸுக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அந்த நேரத்தில் நிறையப் படிக்க வேண்டும் என்று ஆசை. சென்ற மாதம் 480 வெள்ளி கட்டி ஒரு வேக வாசிப்பு வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு சனிக்கிழமை. மனதுக்குள் உச்சரிப்பதை நிறுத்த வேண்டும், படித்த இடத்துக்குக் கண்ணைத் திரும்பப் போகவிடக் கூடாது, ஒரே பார்வையில் முழுப் பக்கத்தையும் பிடிக்கப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 220 சொல்லில் இருந்து 650க்கு வந்துவிட்டேன். சான்றிதழும் கிடைத்தது.

ஆனால் தமிழில் எவ்வளவு முயன்றும் 120ஐத் தாண்ட முடியவில்லை. தமிழ் எழுத்து வேக வாசிப்புக்கு ஒத்துவராதா? நம் மொழிக்கென்று தனிப் பயிற்சி ஏதும் உண்டா?

உங்கள் நாவலை அந்த வகுப்பில் சொன்ன முறையில் விரலை ஓட்டி இரண்டு நாள் பயணத்தில் முடித்தேன். மிகவும் பிடித்திருந்தது. கடைசியில் அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பியது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அன்புடன்,
ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் பழைய தகரப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்கு முன்னால் வீட்டை ஒழுங்குபண்ணும் வேலை. பெட்டிக்குள் நீல நிற ஏரோகிராம்கள் ஒரு கட்டு இருந்தது. நாலைந்தைத் தவிர எதுவும் எங்கள் வீட்டுக்கு வந்ததல்ல. மற்றவர்களுக்கு வந்து, அப்பா வாசித்துக் காட்டி, ஏதோ காரணத்தால் இங்கேயே தங்கிவிட்டவை. இரண்டு நாளாக அவற்றை வைத்துக்கொண்டு அப்பா வாசித்த விதத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் 650 வந்து சேர்ந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். மார்க் பிரைஸ்பர்ட் என்ற பெல்ஜிய ஆய்வாளர் வாசிப்பு வேகம் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பெரியவர்கள் ஆங்கிலத்தை மௌனமாகப் படிக்கும் வேகம், கட்டுரை என்றால் நிமிடத்துக்குச் சராசரி 238 சொல், கதை என்றால் 260. நீங்கள் வகுப்புக்குள் நுழையும்போதே 220. உங்களுக்கு என்ன குறை இருந்தது? இல்லாத நோய்க்கு 480 வெள்ளிக்கு மருந்து வாங்கியிருக்கிறீர்கள்.

நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வகுப்புக்குப் போனவள்தான். ஆசிரியர் பயிற்சி முடித்த புதிது. ஒரு ஓட்டல் அறையை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். கடைசி நாள் தேர்வில் மழைக்காடுகளைப் பற்றி நாலு பக்கம் கொடுத்து, படித்ததும் வாங்கிக்கொண்டு, பத்துக் கேள்விக்குச் சரியான விடையில் கோடு போடச் சொன்னார்கள். என்னோடு வந்த தோழிக்கு அன்று பஸ் தாமதம். அவள் நுழையும்போது பக்கங்களை வாங்கிவிட்டார்கள். படிக்காமலே கோடு போட்டாள். அவளுக்கு ஏழு, எனக்கு எட்டு. மழைக்காட்டில் மழை அதிகம் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? உங்கள் சான்றிதழும் இப்படிப்பட்ட தேர்வில் வந்ததுதானா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முழுப் பக்கத்தை ஒரே பார்வையில் பிடிப்பது நடக்காத காரியம். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஓர் இடத்தில் கால் நொடி போல நிற்கும், அப்புறம் தாவும். தாவும் நேரத்தில் புதிதாக எதையும் பார்ப்பதில்லை. நிற்கிற இடத்திலும் கூர்மையாகத் தெரிவது, கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த விரலின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான். விழித்திரை அப்படி அமைந்திருக்கிறது. அதை இரண்டு சனிக்கிழமையில் யாராலும் மாற்ற முடியாது.

மனதுக்குள் கேட்கிற குரலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், கொஞ்சம் கடினமான பத்தி ஒன்றை எடுத்து, வாயால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே படித்துப் பாருங்கள். குரலை அடைத்தால் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்.

என்னைத் தூங்கவிடாதது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்று. கண்ணைத் திரும்பப் போகவிடக் கூடாது என்றார்களே, அது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் எங்களுக்கு ஓர் அறை. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். அந்த வரிசையில் அதுவே பெரிய படிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் ஊர்க் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அப்பா பாயில் உட்கார்ந்து முதலில் தமிழ் முரசு நாளிதழை வாசித்துக் காட்டுவார், அப்புறம் ஒவ்வொருவர் கடிதமாக. வலது ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்துத்தான் வாசிப்பார். சாக்குக் கொக்கி பட்டு அந்த நகம் நடுவில் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருக்கும். விரல் நகரும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி நகரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை விட்டுவிட்டு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

1966. எனக்கு ஒன்பது வயது. வடுவூர்க்காரர் என்று ஒருவர் வருவார். அவர் தம்பியிடம் இருந்து கடிதம். நலம், நலமறிய ஆவல் எல்லாம் முடிந்து அம்மாவைப் பற்றி வந்தது. "அம்மா ஒரு மாதமாகக் கஞ்சி மட்டும் குடித்து வருகிறார்கள்" என்று அப்பா வாசித்தார். அடுத்த வரி மழை, நாற்று. விரல் அங்கே பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாக மேல் வரிக்குத் திரும்பி வந்து ஒரு சொல்லுக்கு அடியில் நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை.

"என்னண்ணே, திரும்ப வாசிங்க" என்றார் வடுவூர்க்காரர்.

"அம்மா ஒரு மாதமாகக் கஞ்சி மட்டும் குடித்து வந்தார்கள்."

"இன்னொரு தடவை அண்ணே."

அப்பா இன்னொரு தடவை வாசித்தார். வந்தார்கள். வடுவூர்க்காரர் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். கடிதத்தை எடுத்துப்போகத் திரும்பி வரவே இல்லை. கடல் கடந்து இருப்பவனுக்கு இழவுச் செய்தியை நேராக எழுத மனம் வராத காலம் அது. தம்பி சொல்ல முடியாததை ஒரு வினைமுற்றில் வைத்து அனுப்பியிருந்தார். அந்த ஏரோகிராம் இப்போது என் மேசையில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் அந்த வரி தெளிவாக இருக்கிறது.

அப்பா முதலில் தப்பாகத்தான் வாசித்தார். எதிர்பார்த்ததை வாசித்தார். நாம் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறோம், பாதியைக் கண்ணால், பாதியைப் பழக்கத்தால். தப்பு என்று தெரிந்ததும் திரும்பிப் போனாரே, அதில்தான் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. அந்தத் திரும்பலைத்தான் உங்களுக்குக் கெட்ட பழக்கம் என்று சொல்லி, காசும் வாங்கியிருக்கிறார்கள்.

நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களின் கண்ணும் திரும்புகிறது. பத்துத் தாவலுக்கு ஒன்று, சிலசமயம் அதற்கு மேலும், பின்பக்கமாகத்தான் போகிறது. 2014இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் வாக்கியம். கண் ஒரு சொல்லைக் கடந்ததும் அந்தச் சொல் மறைந்து வெறும் எக்ஸ் எழுத்துகளாகிவிடும். திரும்பிப் போனாலும் படிக்க ஒன்றும் இருக்காது. புரிதல் குறைந்தது. ஒவ்வொரு சொல்லாகத் திரையில் மின்னவைத்து வேகமாகப் படிக்கவைக்கும் செயலிகள் பரபரப்பாகப் பேசப்பட்ட வருஷமும் அதுதான். அவற்றில் திரும்பிப் போக இடமே இல்லை.

அந்தச் சோதனையில் பங்குகொண்ட கீத் ரெய்னர் வாழ்நாள் முழுக்க வாசிக்கிறவர்களின் கண்ணசைவை ஆராய்ந்தவர். 2015இல் மறைந்தார். அவரும் கூட்டாளிகளும் எழுதிய நீண்ட கட்டுரை மறு வருஷம் வந்தது. வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டும் சேர்ந்து கூட வேண்டுமானால் மொழியறிவு வளர வேண்டும், அதற்கு நிறையப் படிக்க வேண்டும் என்றுதான் அதில் முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

விரலை ஓட்டுவதும் புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த எவலின் வுட் என்ற ஆசிரியை 1959இல் தொடங்கிய வேக வாசிப்புப் பள்ளியில் கையைப் பக்கத்தின் மேல் ஓட்டி, கண்ணை அதன் பின்னால் ஓடவைத்தார்கள். வெள்ளை மாளிகை ஊழியர்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். அப்பாவும் விரல் வைத்துத்தான் வாசித்தார். அவர் விரல் கண்ணைத் துரத்தவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் கண்ணுக்காகக் காத்து நின்றது.

சரி, தமிழ். எழுத்தில் ஒரு குறையும் இல்லை, உங்கள் கணக்கில்தான் குறை. "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரு சொல். இதை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல்லாவது வேண்டும். அப்படியிருக்க 120ஐயும் 220ஐயும் பக்கத்தில் வைத்து நம் மொழி மெதுவானது என்று எப்படிச் சொல்லலாம்? அதோடு, தமிழ்ச் சொல்லுக்கு உயிர் வாலில் இருக்கிறது. யார், எப்போது, உண்டா இல்லையா, எல்லாம் பின்பாதியில்தான். படித்தவர்கள், படிக்காதவர்கள். திறக்கலாம், திறக்கலாகாது. தலையைப் பார்த்துவிட்டுத் தாவுகிற கண் நேர் எதிரான பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். (துவாஸில் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தயவுசெய்து அந்த வேகத்தில் படிக்காதீர்கள். மின்னஞ்சல் குவியலை மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளுங்கள், அதற்கு யார் தடை சொன்னார்கள்?) நம் முன்னோர் ஓலையில் புள்ளி வைக்கவில்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடவில்லை. மெய்யா உயிர்மெய்யா, சொல் எங்கே முடிகிறது என்று முன்னும் பின்னும் போய்ப் பார்த்துத்தான் வாசித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அப்படி வாசிக்கப்பட்ட மொழி இது.

இப்போது என் நாவலுக்கு வருகிறேன். அதன் கடைசி வரி: "அக்கா திரும்பாத வீட்டில் விளக்கு விடியும்வரை எரிந்தது."

அக்கா திரும்பவில்லை, தம்பி.

நீங்கள் "திரும்பிய" என்று படித்திருக்கிறீர்கள். கோபம் வரவில்லை என்றால் பொய். அந்தப் பெண் திரும்புவாளா மாட்டாளா என்று எனக்கே தெரியாமல் எத்தனையோ இரவு உட்கார்ந்திருக்கிறேன். "திரும்பிய" என்றும் எழுதிப் பார்த்தேன். அந்தப் "பிய"வைப் "பாத" ஆக்கிய அன்று அழுதேன். நீங்கள் அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். காலைக் கூட்டத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தமிழ்ப் புத்தகத்தோடு நிற்கிற ஒரு பையன். படிக்க வேண்டும் என்ற ஆசையில் சம்பளத்தில் 480 வெள்ளியை எடுத்துக் கொடுத்தவன். அவனைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவனுடைய ஆசையை வைத்து, நீ மெதுவாக இருக்கிறாய் என்று பயம் காட்டியவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

தனிப் பயிற்சி கேட்டீர்கள். தொடக்கநிலை ஒன்றில் இருந்து நீங்கள் நாள் முழுக்க ஆங்கிலத்தில் படித்தீர்கள், தமிழை ஒரு பாடவேளை படித்தீர்கள். பள்ளி முடிந்ததும் அதுவும் நின்றிருக்கும். பிறகு தமிழில் கண் எப்படி ஓடும்? தினமும் முரசில் ஒரு பக்கம் படியுங்கள். நூலகத்தில் தமிழ் அடுக்குகள் காத்துக்கிடக்கின்றன, கதையோ பயணநூலோ உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வேகம் தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

அதற்கு முன்னால் நாவலின் கடைசி இரண்டு பக்கத்தை இன்றிரவு வீட்டில் உட்கார்ந்து, விரல் வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். அந்த விளக்கை யார் ஏற்றியது என்று அதில் இருக்கிறது. கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.