காதல் பாடல்களில் சாத்தானோடு பேரம் பேசும் வரிகள் உங்களுக்குப் பிடிக்குமா?

பேரம் பேசும் பாடல்கள் பிடிக்கும். "உனக்காக என் ஆன்மாவையே சாத்தானுக்கு எழுதிக் கொடுப்பேன்" என்று காதலன் மார்தட்டும் வகை மட்டும் பிடிக்கவே பிடிக்காது. எழுதிக் கொடுப்பது அவன். கடனைக் கட்டுவது பெரும்பாலும் அவள்.

இவ்வகைக் கதைகளில் பெயர்பெற்ற ஃபவுஸ்டையே பாருங்கள். ஜெர்மன் கவிஞர் கதே 1808இல் வெளியிட்ட முதற்பாகத்தில், வயதான பண்டிதர் ஃபவுஸ்ட் சாத்தானின் ஆளுக்கு இரத்தத்தால் கையெழுத்திடுகிறார். இளமை திரும்புகிறது, கிரெட்சென் என்ற எளிய பெண் வசப்படுகிறாள். அந்த ஒப்பந்தம் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் தாய், அண்ணன், பிள்ளை மூவரையும் இழந்து மரண தண்டனைக்குக் காத்துக் கிடப்பவள் அவள்தான்.

அவள் இராட்டையின் முன் அமர்ந்து பாடும் பகுதிக்கு 1814இல், தன் 17ஆம் வயதில், ஷூபர்ட் இசையமைத்தார். பியானோ இராட்டைச் சக்கரமாகவே சுழல்கிறது. அவனுடைய முத்தம் நினைவுக்கு வந்ததும் சக்கரம் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு தடுமாறித் தடுமாறி மறுபடி ஓடத் தொடங்குகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இலங்கையின் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததாலோ என்னவோ, அடுத்தவர் பட்ட கடனைச் சுமப்பவர் மீதுதான் என் மனம் போகிறது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டு, தொழிலாளியோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

எங்கள் தோட்டங்களில் மாசியில் தொடங்கும் காமன் கூத்திலும் ஒரு பேரம் உண்டு. சிவனின் தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று ரதி மன்றாடுகிறாள். மன்மதன் கேட்காமல் போய் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். ரதி வேடம் கட்டியவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் தப்புமேளம் ஓய்ந்து அவர் ஒப்பாரி எடுத்ததும், கூட்டத்தில் இருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். "உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்" என்கிறார் சிவன். ஊரார் கண்ணில் கைம்பெண்ணாகவே தெரிந்தாலும் சரி என்று அவள் ஏற்றுக்கொள்கிறாள். விலை முழுவதும் அவளுடையது, அவள் அறிந்தே கொடுப்பது. காதல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் வருவது கேட் புஷ் 1985இல் பாடிய பாடல். முதலில் சாத்தானோடு ஒப்பந்தம் என்றுதான் யோசித்தாராம். பிறகு, ஏன் கடவுளோடு செய்யக்கூடாது என்று மாற்றிக்கொண்டார். அவர் கேட்பதும் பெரிய வரமல்ல: ஆணும் பெண்ணும் இடம் மாறி நின்று ஒருவர் வலியை மற்றவர் உணர வேண்டும், அவ்வளவுதான். ஃபவுஸ்ட் கிரெட்செனின் இடத்தில் ஒரு நாள் நின்றிருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பாரா?