சக்கரம் தெரியாதவர்களா?

கேள்வி: சக்கரம்கூடத் தெரியாத மாயன்களும் இன்காக்களும் அவ்வளவு பெரிய பிரமிடுகளையும் கோட்டைகளையும் எப்படிக் கட்டினார்கள்? வெளியிலிருந்து யாராவது வந்து உதவியிருப்பார்களோ?
– ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: மெக்சிகோ, குவாதமாலா பக்கத்து மாயன்களும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை இன்காக்களும், அதாவது அந்த ஊர் மக்கள்தான் கட்டினார்கள். கல்லை உடைத்து, சுமந்து, தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள். பாரிஸ் தேவாலயத்தை வேற்றுக்கிரகவாசி கட்டினானா என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பியர் அல்லாதவர் கட்டியதென்றால் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தப் பக்கத்தில் எழுதுவேன்.

'சக்கரம்கூட' என்கிறீர்களே! மெக்சிகோவின் வேராக்ரூஸ் பகுதியில் சக்கரம் பூட்டிய சுடுமண் நாய்ப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. இல்லாதது வண்டி இழுக்க மாடும் குதிரையும். ஆண்டிஸ் மலையின் லாமா என்ற விலங்கு சுமை தூக்கும், வண்டி இழுக்காது. இன்காக்களின் சாலைகள் 30,000 கிலோமீட்டருக்கு மேல். செங்குத்தான இடங்களில் எல்லாம் படிக்கட்டு. அங்கே சக்கரத்தை வைத்து என்ன செய்வது?

சரி, யாருக்கு எது தெரியவில்லை என்று பேசுவதானால் உங்கள் ஊரைச் சுற்றி விளைகிறதே, அந்த மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அது தெற்கு மெக்சிகோவில் தியோசிந்தே என்ற காட்டுப்புல். கதிருக்குப் பத்து மணி தேறினால் அதிகம், அதுவும் கல் போன்ற ஓட்டுக்குள். அதை இன்றைய கதிராக மாற்றியவர்கள் அந்த மண்ணின் உழவர்கள். எந்தப் பிரமிடையும்விட இது பெரிய வேலை என்பேன்.

அவர்கள் வீட்டுப் பெண்கள் மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைத்தார்கள். ஐரோப்பியர்கள் விதையை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டு வந்தார்கள். மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி பேதலித்தது. ஸ்பெயின் மருத்துவர் காஸ்பார் காசால் 1735-லேயே கவனித்த இந்த பெல்லாக்ரா நோய் வட இத்தாலியை வாட்டியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1914-ல் ஆய்வில் இறங்கிய அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், உணவுக் குறைதான் காரணம் என்று காட்டிய பிறகும் பலர் தொற்றுநோய் என்றே சாதித்தார்கள். அந்த உணவில் இல்லாமல் போனது நியாசின் என்ற வைட்டமின் சத்து என்று தெரிய 1937 ஆகிவிட்டது. மணிக்குள் பூட்டிக் கிடக்கும் அந்தச் சத்தைத்தான் சுண்ணாம்பு நீர் விடுவிக்கிறது. மெக்சிகோ, குவாதமாலா கிராமங்களில் இன்றும் அப்படித்தான் சமைக்கிறார்கள். அந்தப் பெண்களிடம் யாராவது ஒருவர் மதித்துக் கேட்டிருந்தால் ஒரு பிடிச் சுண்ணாம்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.